சாட்சிக் கூண்டேறிய மொழிபெயர்ப்பாளர் லூயிஸ் பிச்சைமுத்து அவர்களுக்குப் பிரிவு உபசார மடல்

ஏழையர் சொல்லை எடை குறையாமல் எடுத்துரைத்த ஏந்தலே! ஈப்போ நீதிமன்றத்தில் கால் நூற்றாண்டாக எங்களுக்கு முன்நின்ற தலைமை மொழிபெயர்ப்பாளரே!

சாட்சி சொன்னதைக் கூட்டாமல், குறைக்காமல், ஆற்றாமல், சூடேற்றாமல் மற்ற மொழியில் வைப்பது நம் தொழில். சாட்சி தடுமாறினால் நாமும் தடுமாற வேண்டும். வைதால் நாமும் வைய வேண்டும். இதைத் தாங்களே எங்களுக்குப் பழக்கினீர்கள். ஆனால் இத்தொழிலின் எல்லை எங்கே முடிகிறது என்பதைக் கருப்பம்மாள் வழக்கில்தான் கண்டோம்.

கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர் அவர். கணவர் ஈயம் தோண்டிய குட்டையில் பிணமாய் மிதந்தார். மனைவியே தள்ளினார் என்பது குற்றச்சாட்டு. மெய்யென்று முடிந்தால் தூக்கு. முதல்நாள் இருவரும் சண்டையிட்டது ஒரு சாட்சியம். சாவுச் செய்தி கேட்டும் அழாமல், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் வடிந்த பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டே குட்டைக்குப் போனது மற்றொன்று.

"அழலைங்க. அப்படியே போட்டுட்டுப் போனா பால் உறைஞ்சிரும். அப்புறம் தண்டலு கூலிக்குப் பேரு போடுவாரா?" என்றார் அவர். தாங்கள் அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தீர்கள். நீதிபதியோடு அமர்ந்து அபிப்பிராயம் கூறும் அசெசர் ஒருவர் தங்களைப் பார்த்து, "உங்கள் பெண்கள் இப்படித்தானா?" என்று கேட்டார்.

ஒரு தலையசைப்பு போதும். அதுவே சத்தியம் செய்யாத சாட்சியாகி, கருப்பம்மாள் கழுத்தில் கயிறாகியிருக்கும். தாங்களோ, இங்கே தாங்கள் நாக்கு மட்டுமே என்றும், தங்கள் அறிவு வேண்டுமானால் கூண்டிலேற்றிக் கேட்கலாம் என்றும் சொன்னீர்கள்! ஏற்றினார்கள். இறந்தவரின் தம்பி சன்னாசியும் அச்செய்தியை அதே மர நிரையில் கேட்டு, பாலெடுத்து முடித்தே போனதை நினைவூட்டினீர்கள். நேற்று அவர் சாட்சியத்தை மொழிபெயர்த்தபோது, ஆண்கள் இப்படித்தானா என்று எவரும் கேட்கவில்லை என்றீர்கள். சென்ற வழக்கில் ஒரு பெண் அழுதபோது, அது நடிப்பா என்று இதே மன்றத்தில் கேட்கப்பட்டதையும் சொன்னீர்கள்.

அழாமையை விலக்கிவிட்டு எஞ்சியதை எடைபோடுமாறு நீதிபதி கூறினார். எஞ்சியது ஒரு சண்டை. கருப்பம்மாள் விடுதலையானார்.

வெளியே வந்ததும் அவர் தரையில் அமர்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். காவலர் ராஜு, "இத உள்ளயே அழுதிருந்தா அன்னிக்கே விட்டிருப்பாங்களே, அக்கா!" என்றார்.

"உள்ள அழுதா அது அவுகளுக்கு அழுதது, தம்பி. இது என் புருசனுக்கு."

பெருந்தகையே! தங்கள் கண்ணும் செவியும் கூர்மை குன்றாதிருக்க, குடும்பத்தாரோடு நெடுங்காலம் நலமாக வாழ இறைவனை வேண்டுகிறோம். அசெசர் இனி எங்களைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டால், நாங்களும் முதலில் கூண்டேறிச் சத்தியப் பிரமாணம் கேட்போம்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப் பணிபுரிந்த மொழிபெயர்ப்பாளர்கள்
ஈப்போ, 1927