சங்கு ஊதின ஞாயிற்றுக்கிழமை

“ஒத்திகையில செத்துக் கெடந்தவளே எந்திரிச்சு ஓடிட்டாளாம்!”

பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த யாரோ சொல்லிச் சிரித்தது, தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் வாசலில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மாவின் காதில் விழுந்தது. மண்சரிவுப் பயிற்சி கொடுத்த ஷிப்னா, அறிக்கை எழுதுவதற்காக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“கேட்டீங்களா மிஸ்? மருதாயியத்தான் சொல்றாளுக. பொணமா படுத்துக்கடின்னு நாந்தான் படுக்க வச்சேன். சும்மா கெடக்கணும், அதுகூட முடியலியே அவளுக்கு! மூணு நாளா தொண்ட கிழிய சொல்லிக் குடுத்தீங்க... ஒரே ஆளுதான் கமாண்டர், மத்தவுகெல்லாம் அவ சொல்றத கேக்கணும்னு. இந்தா, ஆரஞ்சு சட்டையும் விசிலும் எனக்குத்தானே குடுத்தீங்க? எவ கேட்டா?

ஆளு எண்ணுறது சுதர்ஷினி வேல. அவளும் அவ போனும்... அது ஒரு தனிக் கத, விடுங்க. நாங்க குடியிருக்க லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு மிஸ், என் கை உள்ள போவுது! இன்னொரு மழ வந்தா நாப்பத்திரெண்டு குடும்பம்... சங்கு ஊதினா இந்தக் காம்பராவுக்கு வாங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். ஊதுச்சு. ஒரு ஈ காக்கா வரல! எல்லாரும் கூடையும் கையுமா கொழுந்து மடுவத்துல, தராசுக்கு முன்னால வரிசையா நிக்கிறாளுக. ஞாயித்துக்கெழம மிஸ்! கூடையில ஒரு கொழுந்து இல்ல!

என்ன பாக்குறீங்க? ஆமா, நிறுவைக்கு ஊதுற அதே பேக்டரி சங்குதான். நீங்க கையால சுத்துற சங்கு குடுத்தீங்க, நாந்தான் வேணாம்னேன்... அது ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி இருந்துச்சு. கமாண்டருக்கு ஒரு மரியாத வேணாமா?

நானா? நான் எங்க நின்னேன்னா... அனே மிஸ், முப்பது வருஷமா பழகின காலு, சங்கு கேட்டா அதுவா நடக்குது. வரிசையில மொத ஆளு நாந்தான். கமாண்டர் பின்னாலதானே போனோம்னு மருதாயி சட்டம் பேசுறா! கெழடு, புள்ளக்குட்டியெல்லாம்கூட பின்னாலயே வந்துருச்சுக. எண்ணிப் பாத்தா ஏழு நிமிசத்துல ஒரு ஆளு கொறையல... மடுவம் பாற மேல இருக்கு, எந்த மழைக்கும் அசையாதுதான். ஆனா படத்துல போட்டிருக்கது இந்தக் காம்பராவத்தானே? சட்டய மட்டும் மருதாயிக்குக் குடுத்துராதீங்க மிஸ், ஒங்களுக்குப் புண்ணியமா போவும்...”

ஷிப்னா மடியிலிருந்த வரைபடத்தை விரித்தாள். ‘ஒன்றுகூடும் இடம்: பிள்ளைக் காம்பரா’ என்றிருந்ததை அடித்துவிட்டு, ‘கொழுந்து மடுவம்’ என்று எழுதினாள்.