எண்பதில் ஆடும் கை

அது நகப்பாலிஷ்தான், தம்பி. சக்கரத்தின் விளிம்பில் இந்தச் சிவப்புப் புள்ளி எப்படி வந்தது என்று குனிந்து குனிந்து பார்க்கிறீர்களே, வைத்தது நான்தான். அடையாளத்துக்கு வைத்தேன். முதலில் அந்தக் காபியைக் குடியுங்கள், ஆறிப்போகிறது. கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். மறைக்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரரைத்தான் உங்களுக்கு நன்றாகத் தெரியுமே. வண்டி என்றால் அவருக்கு உயிர். என்னிடம் லைசென்ஸ் இருந்தும் சாவியைக் கண்ணில் காட்டமாட்டார். கேட்டால், "உனக்கு எதுக்கு வீண் சிரமம்? இந்தக் கை இருக்கிற வரைக்கும் நீ ராணி மாதிரி உக்காந்து வா" என்பார். ராணியின் வேலை, அவர் தாகம் என்றதும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பது. தங்கமான மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் இல்லை என்று சொல்லவில்லை. என் அம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்த அன்றுகூட உடனே கிளம்பலாம் என்றுதான் சொன்னார். வண்டி அழுக்காக இருந்ததால் கழுவித் துடைத்துவிட்டுக் கிளம்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. அதற்காக எனக்கு அவர்மேல் கோபமெல்லாம் கிடையாது.

அப்புறம் ஒருநாள் சர்வீஸுக்கு விட்டுவிட்டு இதே பெஞ்சில் காத்திருந்தோம். அவர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் வேறொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தீர்கள். "ஸ்டீயரிங் எப்போ ஆடுதுன்னு சொல்லுங்க சார். பிரேக் பிடிச்சா ஆடுதுன்னா டிஸ்க்கைப் பாக்கணும். எண்பதைத் தாண்டினா மட்டும் ஆடுதுன்னா சக்கரத்துல பேலன்ஸுக்கு மாட்டின வெயிட் கழண்டு விழுந்திருக்கும்" என்று சொல்லி, விளிம்பைக் கவ்வியிருந்த ஈயத் துண்டைத் தொட்டுக் காட்டினீர்கள். சுண்டுவிரல் அளவுகூட இல்லை. இத்தனூண்டு சாமான் இவ்வளவு பெரிய வண்டியை ஆட்டுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நீங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், தம்பி.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, எங்கள் வண்டிச் சக்கரத்தில் அந்தத் துண்டு இருந்த இடத்தில் புள்ளி வைத்துவிட்டு, அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். சட்டையில் குத்திய ஊக்கு மாதிரி வந்துவிட்டது.

நெடுஞ்சாலையில் முள் எண்பதைத் தொட்டதும் ஆட ஆரம்பித்தது. "ஸ்டீயரிங் ஆடுது பாரு" என்றார். நான் நன்றாகக் குனிந்து பார்த்தேன்.

"ஸ்டீயரிங் ஆடலைங்க. உங்க கைதான் ஆடுது."

அவர் ஓரம் கட்டினார். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நான் வேண்டுமானால் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகச் சாவி என் கைக்கு வந்தது. நான் அறுபதைத் தாண்டவில்லை. வண்டி சமர்த்தாகப் போனது.

அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை, உங்களிடம் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்கு முன்னால் துண்டைப் புள்ளி வைத்த இடத்தில் தட்டி மாட்டிவிட்டேன். நீங்களும் தொண்ணூறு வரைக்கும் ஓட்டிப் பார்த்து, "வண்டி கல்லு மாதிரி நிக்குது சார்" என்று சொன்னீர்கள். அவர் முகம் செத்துப்போனது அந்த வார்த்தையில்தான். உங்களைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்குப் போனதும் மறுபடி கழற்றிவிட்டேன்.

நரம்பு டாக்டர் கையை நீட்டச் சொல்லி, மேலே ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தார். காகிதம் அசையவில்லை. கோளாறு எதுவும் இல்லை என்றார். "உங்க மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்றாருங்க" என்று வழியில் நான் ஆறுதல் சொன்னேன். அன்றோடு சாவியைக் கேட்பதை அவரே விட்டுவிட்டார்.

இப்போது டம்ளரைப் பிடித்தாலே நிஜமாகவே ஆடுகிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து முக்கால் டம்ளர்தான் ஊற்றுகிறேன்.

இந்தாருங்கள், அந்தத் துண்டு. இதையோ புதியதையோ மாட்டிச் சரிபார்த்துக் கொடுங்கள், அறுபதிலேயே உருட்டி உருட்டி எனக்கு அலுத்துவிட்டது. அவரிடம் மட்டும் சொல்லவேண்டாம். இந்த வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவர், கோளாறு இதில்தான் இருந்தது என்று தெரிந்தால் தாங்கமாட்டார்.

அப்படிப் பார்க்காதீர்கள், தம்பி. அப்படியே முன்பக்கம் இன்ஜின் பெல்ட்டையும் பார்த்துவிடுங்கள், கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது. நேற்று அவர்தான் முதலில் சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றேன். பாவம், ராத்திரி முழுக்கக் காதைத் தடவிக்கொண்டே படுத்திருந்தார். நாளைக்குக் காது டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். நானும் இல்லையென்றால் அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?