கடைசி வரியில் இருந்த பழம்

க்ரீமை அடிப்பதற்கு முன்பு பாத்திரத்தை அரை மணி நேரமாவது ஃப்ரீசரில் வைக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதில்லை. அப்புறம் க்ரீம் திரளவில்லை, கம்பெனி சரியில்லை என்று புலம்புவார்கள். பன்னிரண்டு வருடமாக பேக்கரியில் நிற்கிறவள் சொல்கிறேன், பாத்திரம் சில்லென்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா வீட்டு ஃப்ரீசரில் பாத்திரத்தை வைத்துவிட்டுப் பழம் நறுக்க உட்கார்ந்தேன். நீங்கள் கேட்டபடி வரிசையாகவே சொல்கிறேன்.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருடம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். எந்தெந்தப் பழம் கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த தாள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் மாட்டியிருக்கும். மாம்பழம், வாழைப்பழம், சப்போட்டா என்று போய்க் கடைசி வரியில் நட்சத்திரப் பழம். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அந்தப் புளிப்புப் பழம். அதன் கீழே மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு. நீங்களும் நானும் ஒன்றிரண்டு தின்றால் ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் போனவர்களுக்கு அது வெளியேறாமல் மூளையைப் பிடித்துவிடுமாம். ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னபோது அக்கா ஊசி வலியில் கண்ணை மூடியிருந்தாள். காது கொடுத்துக் கேட்டது நான்தான்.

பிறகு எனக்குப் பரிசோதனை செய்தார்கள். ரத்தம் எடுக்கும்போது இரண்டு நர்ஸ் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பழக்கமில்லை, அவ்வளவுதான். என் சிறுநீரகம் பொருந்திவிட்டது. கொடுக்கிறாயா என்று அத்தான் எல்லார் முன்னாலும் கேட்டார். நானும் எல்லார் முன்னாலும் சரி என்றேன். வேறென்ன சொல்வது? அன்றிலிருந்து எனக்கு ராஜமரியாதை. பத்து வருடமாக என்னைக் கண்டால் டிவி சத்தத்தைக் கூட்டுகிற அத்தான், ஃபேனுக்கு நேராக இருந்த தன் நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தார். பெரியம்மா போனிலேயே அழுதாள். பேக்கரி முதலாளி என்னைப் பாராட்டிக் கேக் வெட்டினார். அதற்கு க்ரீம் அடித்ததும் நான்தான். ஆபரேஷன் அடுத்த புதன்கிழமை என்று முடிவானது.

பயந்தேனா என்று கேட்டால், இல்லை. யோசனை, அவ்வளவுதான். எவ்வளவு நீளம் கிழிப்பார்கள் என்று கேட்டுவந்து, கேக் அளக்கும் ஸ்கேலை இடது விலாவுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. ரொட்டிக் கத்தியைக் கழுவும்போது நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் யாராவது இடித்தால் இரண்டு கையாலும் விலாவைப் பொத்திக்கொள்வேன். மயக்க மருந்து கொடுத்த பிறகும் எனக்கு எல்லாம் தெரிந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது, கத்துவதற்கு வாய் வராமல் போனால் என்ன செய்வது என்று, இந்த மாதிரி யோசனைதான்.

அந்த ஞாயிறு காலையில் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு பழக்கடைக்குப் போனேன். வாங்க வாங்க ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டேன். பேக்கரிப் பழக்கம், சரக்கு எடுத்தால் டிக் போடாமல் கை நிற்காது. வீட்டுக்கு வந்ததும் தாளைப் பழையபடி மாட்டிவிட்டேன். எல்லாம் முடிந்த பிறகு அத்தான் அதைக் கிழித்துப் போடப் போய், டிக்கைப் பார்த்துத்தான் இத்தனையும் வந்தது.

நட்சத்திரப் பழத்தைச் சாறாக்கி வடிகட்டினேன். மாம்பழமும் சர்க்கரையும் சேர்ந்தால் புளிப்பு அடங்கிவிடும். ஆனால் புளிப்பு மொத்தமாகப் பட்டால் க்ரீம் திரிந்துவிடும், அதனால் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். நன்றாக வந்தது.

அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா, அவள் மகள் வாலு, நான், மூன்று பேரும் ஒரே பாத்திரத்திலிருந்துதான் போட்டுக்கொண்டோம். வாலு இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள், மறுநாள் பம்பரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தாள். அதனால் நீங்கள் விஷம் என்று எழுதுவது அவ்வளவு சரியில்லை.

அக்கா முதலில் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டேன், ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை பரவாயில்லையாம் என்றேன். நான் சொன்னால் நம்புவாள். கிண்ணத்தை வாங்கும்போது என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி கை இப்படி ஜில்லுனு இருக்கு? பயமா இருந்தா விட்டுரு. எனக்கு ஊசியெல்லாம் பழகிப்போச்சு, நான் பாத்துக்குறேன்."

"பாத்திரம் ஃப்ரீசர்ல இருந்துச்சுக்கா. பேசாம சாப்பிடு."

சாப்பிட்டாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு மாம்பழம். கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினாள்.

சாயங்காலம் விக்கல் ஆரம்பித்தது. "யாரோ உன்ன நினைக்கிறாங்கம்மா" என்றாள் வாலு. நான் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டேன். விக்கல் நிற்கவே இல்லை. மறுநாள் காலையில் வாலுவைக் காட்டி, இது யார் வீட்டுப் பிள்ளை என்று அக்கா என்னைக் கேட்டாள். பத்து மணிக்கு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. என்ன சாப்பிட்டார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஆப்பிளும் க்ரீமும் என்று அத்தானை முந்திக்கொண்டு சொன்னேன். செவ்வாய் மத்தியானம் எல்லாம் முடிந்தது. வீடு முழுக்க அழுகை. நானும் அழுதேன், நடிப்பில்லை. அப்புறம் உள்ளறையில் போய் இடது பக்கமாகப் படுத்தேன். நல்ல தூக்கம்.

அதற்கு முந்தைய வாரம் டாக்டரம்மா என்னிடம் தனியாகப் பேசினாரா என்று கேட்டீர்கள். பேசினார். கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பயமா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. பொருந்தலைன்னு நாங்களே சொல்லிடுவோம், உங்க அக்காவுக்குக்கூடக் காரணம் தெரியாது. வேற கிட்னி கிடைக்கிற வரைக்கும் டயாலிசிஸ்ல ஓட்டிடலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பயமா, எனக்கா என்று கேட்டேன். சம்மதப் படிவத்தில் அவர் முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன். பயந்தவளாக இருந்தால் அப்போதே சொல்லியிருக்க மாட்டேனா? தயவுசெய்து இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அக்காவைக் கொன்றது நான்தான். நீங்கள் நீட்டிய எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், கை நடுங்கவில்லை, பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு விஷயம். உள்ளே அனுப்பும் முன்பு எல்லாருக்கும் ரத்தம் எடுப்பார்கள் என்று வாசலில் நிற்கிற காவலர் சொன்னார். அந்த ஊசி மட்டும் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க வழி இருக்கிறதா?