அசல் சிடியில் ஒரு கீறல்

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகள் சிடியைப் போட்டால்தான் திறக்கும், மேடம். விளையாட்டு முழுவதும் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும். சிடியிலிருந்து எடுக்க ஒன்றுமே இருக்காது. இருந்தாலும் சிடி உள்ளே சுழல வேண்டும், வாசலில் நின்று டிக்கெட்டைக் காட்டுவதுபோல. நாமக்கல்லில் நான் கேம் சென்டர் வைத்திருந்தபோது வந்து ஆடுகிறவர்கள் எல்லாம் இதைத் தொல்லை என்றார்கள். எனக்கு அது அழகாகத் தெரிந்தது.

நீங்கள் கோழிப்பண்ணையைப் பற்றிக் கேட்கிறீர்கள். அங்கேதான் வருகிறேன். இது புரியாவிட்டால் அது புரியாது.

சிடியை நகல் எடுப்பது எளிது. அப்படியானால் எது அசல், எது நகல் என்று விளையாட்டுக்கு எப்படித் தெரியும்? அசலில் ஓரிடத்தை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருப்பார்கள். அங்கே வரும்போது படிப்பது தடுமாறும். நகல் எடுக்கும் மென்பொருளோ நல்ல பிள்ளை. கெட்ட இடத்தைக் கண்டால் சரிசெய்து எழுதிவிடும். விளையாட்டு தொடங்கும்போது முதலில் அந்தக் காயத்தைத் தேடும். காயம் இருந்தால் அசல். குறையே இல்லாமல் சுத்தமாக இருந்தால் திருட்டு.

பிறகு இன்னும் நுட்பமானவை வந்தன. நகல் என்று தெரிந்தாலும் சொல்லாது, ஆட விடும். ஆனால் துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமாகக் குறி தவறும். கார் வளைவில் திரும்பாது. ஆடுகிறவன் தன் கைதான் சரியில்லை என்று நினைப்பான். கடைசியில் விளையாட்டை உருவாக்கியவர்களிடமே போய் கார் திரும்பவில்லை என்று புகார் செய்வான். அசல் வைத்திருப்பவனுக்கு அந்தப் பழுது வரவே வராது. ஆகவே அந்தப் புகாரே அவனுடைய ஒப்புதல். யாரும் யாரையும் அதட்டவில்லை பாருங்கள். குற்றவாளி தானாக வந்து சொல்கிறான்.

கேம் சென்டரை மூடிய பிறகு கோழி ஷெட்டுகளுக்கு மென்பொருள் எழுத ஆரம்பித்தேன். குணசீலன் என் பள்ளி நண்பன், பரமத்தி சாலையில் பண்ணை. முதலில் வாங்கியவன் அவன்தான். அவனுடையது நாலு பக்கமும் மூடிய ஷெட். ஒரு முனையில் ஈர அட்டைச் சுவர், மறுமுனையில் ஆள் உயரத்துக்குப் பெரிய ஃபேன்கள். ஃபேன் காற்றை வெளியே இழுக்கும்போது ஈரச் சுவர் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். வெயில் காலத்தில் ஃபேன் நின்றால் கோழிகள் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். எத்தனை ஃபேன் எப்போது ஓட வேண்டும் என்பதை என் மென்பொருள் தீர்மானிக்கும். கையால் போடும் சுவிட்ச் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஆட்கள் மறந்துபோவார்கள், கம்ப்யூட்டர் மறக்காது.

ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு சிடி. அது டிரைவிலேயே இருக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்து ஒவ்வொன்றிலும் ஊசியால் நானே கீறல் போட்டேன். மென்பொருள் அவ்வப்போது அந்தக் கீறலைத் தேடும். இல்லையென்றால் எதுவும் சொல்லாது. ஃபேன்கள் ஒவ்வொன்றாக ஓய்வெடுக்கும். பண்ணைத் திரையில் மட்டும் வெப்பம் நல்லபடியாகவே தெரியும். எனக்கு மட்டும் உண்மையான வெப்பத்தோடு தகவல் வரும். இங்கிருந்தே ஒரு பட்டனில் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிவிடலாம். வாங்கியவர்களிடம் இதை நான் சொன்னதில்லை. சொன்னால் சோதனைக்கு அர்த்தம் இல்லை.

இந்த ஆண்டு குணசீலன் இரண்டாவது ஷெட் கட்டினான். என்னிடம் சிடி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நண்பனிடம் எப்படிக் கேட்பது? மே மாதம் ஒரு மதியம், அவனுடைய பழைய ஷெட்டில் கீறல் இல்லை என்று தகவல் வந்தது. அசலைப் புது ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டு இங்கே நகலைப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. நட்பு இவ்வளவுதானா என்று இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். ஃபோன் வந்தது.

"டேய் ஜெகதீசு, ஸ்கிரீன்ல இருபத்தெட்டு காட்டுது. உள்ள போன காத்தான் அடுப்புக்குள்ள நொழஞ்சாப்ல இருக்குதுங்கறான். கோழியெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்குதாமா."

"ஸ்கிரீன் சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

"உன்ற ஸ்கிரீனுக்கு வேர்க்காதுடா. கோழிக்கு வேர்க்குது."

கோழிக்கு வேர்க்காது, மேடம். அதனால்தான் வாயைப் பிளக்கிறது. அவனிடமும் அதைத்தான் சொன்னேன்.

காத்தான் அவனுடைய பண்ணையாள். மனைவி அத்தாயியோடு பண்ணையிலேயே குடியிருந்தவர். வேறு பண்ணைக்குப் போய்வந்தவர் அன்றைக்குத் தன் ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது இங்கே எல்லாரும் கடைப்பிடிப்பது. நோய் ஒட்டிக்கொண்டு வரும். காலையில் மோகனூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய்வந்திருந்ததால் குணசீலன் வெளியே கண்ட்ரோல் ரூமிலேயே நின்றான். உள்ளே காத்தான். வாசலில் அத்தாயி. அவர் எட்டிப் பார்த்துச் சொல்வதும் எனக்கு ஃபோனில் கேட்டது.

"சாமி, அவரு கடைசி ஃபேனுக்குள்ள கையுட்டுப் பாக்கறாருங்க. பெல்ட்டு சிக்கியிருக்குதாமாங்க."

மெயினை அணைத்துவிட்டுத்தானே கை விட வேண்டும் என்று கேட்பீர்கள். மெயினை அணைத்தால் மிச்சம் ஓடுகிற ஃபேனும் நின்றுவிடும். கோழி வளர்ப்பவர்கள் வெயில் நேரத்தில் மெயினில் கை வைக்கவே மாட்டார்கள். நின்ற ஃபேனைத்தான் பார்ப்பார்கள். நின்றது நின்றதுதான் என்று நம்புவார்கள்.

"குணசீலா, சிடி அசல்தானா?"

"நீ குடுத்ததுதான்டா உள்ள கெடக்குது."

"காப்பி எடுத்தயா?"

"காப்பி எடுக்க அதென்ன சினிமாவா? ஃபேனப் போட்டு உடுடா முதல்ல."

"எடுத்தேன்னு சொல்லு. போடறேன்."

"டேய், வெளையாடாதடா. இதென்ன உன்ற கேம் சென்டரா? கொத்துக் கொத்தா உழுகுதுங்கறான்டா."

நான் அவசரப்படுத்தவில்லை. அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டேன். அவன் திட்டினான், என் அம்மாவை இழுத்தான், பிறகு அழுதான். பின்னால் அத்தாயி காத்தானைக் கூப்பிடுவது கேட்டது. பதிவில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். என் ஃபோன் எல்லா அழைப்பையும் பதிவு செய்யும்.

"எடுத்தேன்டா சாமி. எத்தன காப்பி வேணுமோ அத்தனையும் எடுத்தேன். போதுமா? இரு, இரு, போட்றாத, காத்தான் ஃபேனுக்குள்ள இருக்கறான், வெளிய வரட்டும்."

பட்டனை அழுத்தினேன்.

அவன் 'இரு' என்றது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. காத்தான் எங்கே கை வைத்திருக்கிறார் என்பதும் தெரியும். ஃபேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? நீங்கள் கேட்பது ஏன் என்றுதான். ஒப்புக்கொண்டால் போடுகிறேன் என்று சொன்னேன். ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்ட பிறகும் ஒருவனைக் காக்க வைப்பது சரியான சோதனை இல்லை. சிடி சரியாக இருந்தால் விளையாட்டு திறந்தாக வேண்டும்.

பெரிய சத்தம் ஏதும் வரவில்லை. ஃபேன்களின் இரைச்சல்தான் வந்தது. அதற்குள்ளிருந்து அத்தாயியின் குரல் வந்தது. பிறகு குணசீலன் ஃபோனைக் கீழே போட்டுவிட்டான். ஷெட்டில் வெப்பம் இறங்கும்வரை நான் இங்கே என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் கோழிகள் பிழைத்துக்கொண்டன. காத்தான் பிழைக்கவில்லை.

அந்த ஷெட்டின் டிரைவிலிருந்து எடுத்து நீங்கள் நேற்று மேசையில் வைத்த சிடியைப் பார்த்தேன். மேலே மார்க்கரில் இருப்பது என் கையெழுத்துதான். ஊசிக் கீறலும் இருக்கிறது, நான் போட்ட இடத்திலேயே. இரண்டாவது ஷெட்டில் ஃபேன்களை ஓட்டக் கோயம்புத்தூரில் வாங்கிய வேறு கண்ட்ரோல் பெட்டி இருக்கிறது, அதற்கு சிடியே தேவையில்லை என்றும் சொன்னீர்கள். சரி.

என்ன நடந்தது என்று எனக்குப் புரிகிறது. டிரைவுக்குள் இறகுத் தூசி. கோழிப்பண்ணையில் அது எங்கும் படியும். லென்ஸில் தூசி இருந்தால் சிடி ஓரிடத்தில் மட்டும் தடுமாறாது, எல்லா இடத்திலும் தடுமாறும். எல்லா இடமும் காயம் என்றால் நான் தேடுகிற காயம் எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லிவிடும். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும். பழைய விளையாட்டுகளிலும் இதே சிக்கல் இருந்தது. காசு கொடுத்து வாங்கியவன் வாசலில் நிற்பான், திருடியவன் உள்ளே ஆடிக்கொண்டிருப்பான். எனக்கு இது தெரியும். யோசித்திருக்கலாம்.

இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். அவனை நான் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். எடுக்காதவன் எடுத்தேன் என்று எதற்காகச் சொல்ல வேண்டும்?