அந்த அம்மா போட்ட நம்பர்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முகப்புத் தாளில் கண்டபடி சரி. வயது முப்பத்தொன்பது. சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில், அச்சகத்துக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். தொழில் என்னவென்று கேட்டதற்கு, சிறு கடைக்காரர்களுக்கு மின்னஞ்சலும் கைபேசி இணைப்பும் பார்த்துக்கொடுப்பது என்று சொன்னேன். எழுத்தர் ஐயா 'கம்ப்யூட்டர் வேலை' என்று எழுதிக்கொண்டார். அப்படியே இருக்கட்டும்.

கடைத்தெருவில் என்னை 'சிக்னல்' என்று கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கடைக்காரருக்கு மெயில் திறக்கவில்லை என்றாலும், தையல்கடை அக்கா பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் போனைத் திட்டிக்கொண்டிருந்தாலும் நான்தான் போய்ப் பார்ப்பேன். புது நம்பர் வாங்குவது, பழைய நம்பரை நிறுத்துவது, எந்த நம்பருக்கு எந்த மெயில் என்று இணைப்பது எல்லாம் என் பொறுப்பு. இத்தனை கடைகளின் சாவியும் என் கையில் இருந்தும் இதுவரை ஒருவரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை. முதலில் சந்தேகப்பட்டது என் சொந்த அக்கா வீடுதான்.

சம்பந்தப்பட்ட கடை, வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்குக் கொடுக்கும் கடை. அதன் உரிமையாளர் என் அக்காவின் கணவர். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். இந்த வாக்குமூலத்திலும் அப்படியே சொல்கிறேன். பழகிய வாய் உடனே மாறவில்லை. அந்தக் கடையின் ஒவ்வொரு சிலிண்டர் மேலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் கடைப் பெயரைவிடப் பெரிதாக ஒரு போன் நம்பர் அச்சடித்திருக்கும். சிலிண்டர் தீரப்போகிறது என்றால் அந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், உடனே வண்டி வரும். அந்த நம்பர் உள்ள போன் எப்போதும் வண்டிக்காரரிடம் இருந்தது.

சென்ற மாதம் அத்தானுக்கும் வண்டிக்காரருக்கும் வாய்த்தகராறு வந்து, வண்டிக்காரர் வேலையை விட்டு நின்றுவிட்டார். நின்றவர் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த நம்பருக்கு வரும் அழைப்புகளை அவரே எடுத்து, வேறு கடையிலிருந்து சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்று அத்தானுக்குத் தெரியவந்தது. அதன் பிறகு அத்தான் என்னைக் கடைக்கு வரச்சொன்னார். நான் போனபோது அவர் மேசையில் இருந்தார். அக்கா அதே அறையில், என் கைக்கு எட்டும் தூரத்தில், தரையில் உட்கார்ந்து புது முகமூடிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அத்தான், "அந்தப் பழைய நம்பரை எடுத்துடு" என்றார்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் 'எடுத்துடு' என்பது ரெண்டுங்கெட்டான் சொல். புது சிம் வாங்கி வா என்பதற்கும் சிம் எடுத்துடு என்பார்கள். இருக்கிற நம்பரை ஒழித்துக்கட்டு என்பதற்கும் எடுத்துடு என்பார்கள். இதில் ஏற்கெனவே அடிபட்டவள் என்பதால் நான் எப்போதும் திரும்பக் கேட்பேன். அன்றைக்கும் கேட்டேன். வண்டிக்காரர் கையில் இருக்கும் சிம் செத்துப்போகும்படி, அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி நம் போனில் போட்டுக்கொள்ளலாம், நம்பர் நம்மிடமே இருக்கும், ஆனால் நம்பர் உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள் கம்பெனி அலுவலகத்துக்கு நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்கு அவர், "அங்க போய் டோக்கன் வாங்கிட்டு நான் தேவுடு காக்கணுமா? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். அப்படியானால் நம்பரையே நிறுத்த வேண்டியதுதான், நிறுத்தினால் திரும்பக் கிடைக்காது, வெளியில் இருக்கிற சிலிண்டர் எல்லாவற்றிலும் அந்த நம்பர்தான் இருக்கிறது என்றேன். "எடுத்துடுன்னா எடுத்துடு. உனக்கு எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்லணும்" என்றார். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அவர்தான் சொல்றாருல்ல, செஞ்சுடேன்டி" என்றாள். இது அவள் வாயிலிருந்து வந்த சொல். அவள் அப்போது சமையலறையில் இருந்தாள் என்று யாராவது சொன்னால், அந்தக் கடையில் சமையலறையே கிடையாது.

அதன் பிறகு நான் புது நம்பர் ஒன்று வாங்கி, கடையின் மெயிலை அதனுடன் இணைத்து, பழைய நம்பரின் இணைப்பைத் துண்டித்தேன். கடைகளின் இணைப்புகளை நிர்வகிக்கும் அனுமதி என்னிடம் இருப்பதால் அதை என்னாலேயே செய்ய முடிந்தது. அதன் பிறகு புது நம்பர் போட்ட ஸ்டிக்கரை எங்கள் வீட்டுக் கீழ் அச்சகத்தில் அடித்து, சுருளோடு கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். வீடு வீடாகப் போய் ஒட்டிவிடுங்கள் என்று சொன்னதற்கு அத்தான், காலி சிலிண்டர் திரும்பி வரும்போது ஒட்டிக்கொள்ளலாம், இதற்காகத் தனியாக வண்டி அனுப்ப முடியாது என்றார். சிலிண்டர் தீர்ந்ததைச் சொல்லத்தானே அந்த நம்பர், தீர்ந்து திரும்பி வந்த பிறகு ஒட்டி யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எல்லா வாடிக்கையாளருக்கும் மெயில் போட்டுவிடு, படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

நான் மெயில் போட்டேன். இனி சொல்லப்போவதில் குற்றம் என்னுடையது, அதை யார் தலையிலும் கட்டவில்லை. கடையில் வாடிக்கையாளரைப் பதிவு செய்யும் செயலி, மின்னஞ்சல் கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயில் கிடையாது. மூச்சுக்குத் திணறுகிற ஆளைப் படுக்கையில் விட்டுவிட்டு வந்தவரிடம் மெயில் இருக்கிறதா என்று எத்தனை தடவை கேட்பது? "இல்லைன்னா நம்ம கடை மெயிலையே போட்டுடு, வேலை ஓடும்" என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் கடைக்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆகையால் நம்பர் மாறிய அறிவிப்பை எல்லாருக்கும் அனுப்பு என்று நான் அழுத்தியபோது, பாதி அறிவிப்பு அந்தக் கடைக்கே திரும்பி வந்தது. அத்தானின் போன் விடாமல் கத்தியது. அவர் சந்தோஷமாக, "பாத்தியா, எல்லாருக்கும் போய்ச் சேந்துருச்சு, வரிசையா பதில் வருது" என்றார். நான் அவர் போனை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். தையல்கடையில் கூப்பிட்டார்கள் என்று கிளம்பிவிட்டேன். கடைக்காரர் தனக்குத் தானே கடிதம் போட்டுக்கொண்டு பூரித்துப்போயிருந்தார், நானும் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சம்பவத்தன்று மதியம் நான் ஆக்சிஜன் கடைக்கு அடுத்துள்ள கண்ணாடிக் கடையில் வேலையாக இருந்தேன். அப்போது ஒருவர் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். பேருந்து ஓட்டுநர் என்றும், தன் வீட்டுக்கு மேல் மாடியில் இருக்கும் பெரியவருக்கு ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்றும் பிறகு தெரிந்தது. ஆக்சிஜன் கடை சாத்தியிருந்தது. அத்தானும் அக்காவும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஓட்டுநர் தன் போனில் எடுத்திருந்த ஸ்டிக்கர் படத்தை என்னிடம் நீட்டி, "நம்பரே போகலைங்க. சரியான நம்பர்தானான்னு பாருங்க. ஆம்புலன்சுக்கும் சொல்லியாச்சு, வந்துட்டிருக்குன்னே சொல்றாங்க" என்றார். படத்தில் இருந்தது நான் துண்டித்த பழைய நம்பர். அதன் பிறகு என்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் கடையைத் திறந்து, கண்ணாடிக் கடை வேனில் ஒரு சிலிண்டரை ஏற்றி, ஓட்டுநருடன் அந்த வீட்டுக்குப் போனேன்.

மாடிப்படி குறுகல். சிலிண்டரை இருவரும் சாய்த்துத் தூக்கிக்கொண்டு ஏறினோம். அறையில் பெரியவர் தலையணையில் சாய்ந்திருந்தார், முகமூடி முகத்தில் ஒழுங்காகப் பொருந்தியிருந்தது. அவருடைய மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, காலி சிலிண்டரின் ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து நம்பரைப் போட்டுக்கொண்டிருந்தார். போன் சத்தமாக வைக்கப்பட்டிருந்தது. நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும், "இருங்க, இன்னொரு தடவை போட்டுப் பாக்கறேன்" என்றார். ஓட்டுநர் பெரியவரின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கொண்டுபோன சிலிண்டரைத் திறக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆம்புலன்ஸ் அதன் பிறகுதான் வந்தது.

அந்த அம்மா என்னிடம் ஸ்டிக்கரைக் காட்டி, "இது ஏழா, ஒண்ணாம்மா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நான்தான் மாத்திப் போட்டுட்டேன் போல" என்றார். அது ஏழு என்றுகூட நான் சொல்லவில்லை.

அன்று மாலை அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அத்தான் என்னை உட்காரச் சொல்லி, டீ கொடுக்கச் சொல்லி, இதில் யாருக்கும் கெட்ட பெயர் வராமல் முடித்துவிடலாம் என்றார். பழைய நம்பர் அன்றைக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்த அம்மா பதட்டத்தில் நம்பரைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்று நான் சொன்னால் போதும் என்றார். "அந்தம்மாவே அப்படித்தானே சொல்லுது. நாம ஒண்ணும் புதுசா கதை கட்டலையே" என்றார். நம்பர் துண்டித்த விவரம் கம்பெனியில் கேட்டால் வந்துவிடும் என்றேன். அதையும் நீதான் சரிபண்ண வேண்டும், உனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றார். போனும் தன்னைப் போலவே பேச்சு மாற்றும் என்று நினைத்துவிட்டார். அக்கா, "ரெண்டு பசங்க இருக்காங்கடி" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு உயிர். அது அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னாள். நான் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு அத்தான் இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். நம்பரை நம் கைக்கு எடு என்ற அர்த்தத்தில்தான் 'எடுத்துடு' என்று சொன்னதாகவும், நான் புரியாமல் நீக்கிவிட்டதாகவும் அதில் இருக்கிறது. டோக்கன் வாங்கிக் காத்திருக்க மறுத்தது அதில் இல்லை. நான் திரும்பக் கேட்டதும் இல்லை. அக்காவின் வாக்குமூலத்தையும் படித்துக் காட்டினார்கள். அந்தப் பேச்சு நடந்தபோது தான் சமையலறையில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறாள். என் கூடப் பிறந்தவள், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள், என்னைக் கைகழுவுவதற்கு இல்லாத ஒரு சமையலறையைக் கட்டியிருக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். இது தேவையில்லை என்று எழுத்தர் ஐயா சொன்னார், பிறகு எழுதினார்.

இன்று காலை என்னை விசாரணைக்கு வரச்சொல்லி வெளி பெஞ்சில் உட்காரவைத்தபோது அந்த அம்மாவும் அங்கே இருந்தார். அவருடைய புகாரைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெயில் கேட்டார்கள், இல்லை என்றார். கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவில்லை. இங்கே உள்ள ஒருவர், "நம்ம ஸ்டேஷன் மெயிலையே போட்டுவிடுங்க" என்றார். நான் எழுந்து போய், வேண்டாம், ஓட்டுநரின் மெயிலையாவது போடுங்கள், இல்லாவிட்டால் வழக்கு விவரம் அந்த அம்மாவுக்குப் போகாது என்று சொன்னேன். உன் வேலையைப் பார் என்றார்கள். என் வேலையே அதுதான்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, நான் சிலிண்டர் தூக்கி வந்ததற்காக என் கையைப் பிடித்து நல்லா இரும்மா என்றார். அதன் பிறகு, "கண் ஆபரேஷன் பண்ணிக்கோன்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான்தான் அப்புறம் அப்புறம்னு தள்ளிட்டேன். பண்ணியிருந்தா நம்பரைச் சரியாப் போட்டிருப்பேன்" என்றார்.

மேற்படி வாக்குமூலத்தை எழுத்தர் ஐயா எனக்குப் படித்துக் காட்டியபோது, ஓரிடத்தில் 'நம்பரை எடுத்தேன்' என்று இருந்தது. அது எனக்குச் சாதகமான சொல்தான், அப்படியே விட்டுவிடு என்றார். அதை அடித்துவிட்டு 'துண்டித்தேன்' என்று எழுதச் சொல்லி, அடித்த இடத்தில் சிறு கையொப்பம் போட்டிருக்கிறேன். நான் சொன்னவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை, என்னை யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. இதன் ஒரு வாசகத்தை மட்டும், மெயிலில் அனுப்பாமல், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் இப்போதே யாராவது போய் வாயால் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வாசகம்: அந்த அம்மா போட்டது சரியான நம்பர்.

(ஒப்பம்)