கடைசிக்கு முந்தைய ரூட்டரில் கழன்ற லேபிள்

என் பெயரையும் வீட்டு முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்தொன்று. தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றில் பதினாறு வருடமாக நெட்வொர்க் பொறியாளராக இருக்கிறேன். மனைவியும் ஒரு மகளும் உண்டு. இந்தக் காவல் நிலையத்துக்கு யாரும் மிரட்டி வரவில்லை, நானாகவே வந்தேன்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு வரும் அழைப்புகள் எங்கள் லைனில்தான் போகின்றன. பேசும் குரல் துண்டு துண்டாகி, ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு லேபிள் ஒட்டப்பட்டு, ரூட்டர் என்னும் வழிகாட்டிப் பெட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிப் போகும். எங்கே போக வேண்டும் என்பதும், அவசரமா இல்லையா என்பதும் அந்த லேபிளில் இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் கடைசி ரூட்டருக்கு வேலை மிச்சம் என்று, அதற்கு முந்தைய ரூட்டரே லேபிளைக் கழற்றிவிட்டு அனுப்புவது பொது வழக்கம். அப்படிக் கழற்றினால் அவசரக் குறியும் சேர்ந்து போய்விடும். ஆகவே இந்த ஓர் இடத்துக்கு மட்டும், குறியோடு ஒரு வெற்று லேபிளையாவது விட்டு அனுப்பு என்று முந்தைய ரூட்டருக்குச் சொல்லும் ஒரு கட்டளை வரி கடைசி ரூட்டரில் இருந்தது. அதை எழுதியவர் எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவர். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவர் என்பதால் அவருக்கு நாங்கள் 'சந்தேகம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

சம்பவத்தன்று காலை ஒன்பதரை மணிக்கு அந்தக் கடைசி ரூட்டரை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். பழையதில் இருந்த வரிகளைப் புதியதில் ஏற்றும்போது இந்த வரியைப் பார்த்து, இதுவும் சந்தேகத்தின் இன்னொரு பூட்டு என்று நினைத்து விட்டுவிட்டேன். அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் அரை மணி நேரம் பேசுவார் என்று கேட்கவில்லை. அதன் பிறகு என் செல்போனிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குப் பேசிப் பார்த்தேன். எடுத்த அம்மா, "நல்லா கேக்குதுங்க" என்றார். வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு மணிக்கு அந்த அறையின் கணினிகளுக்கெல்லாம் புது மென்பொருள் இறங்கத் தொடங்கி லைன் நிரம்பியது. குறி இருந்திருந்தால் கடைசி ரூட்டர் குரலை முதலில் விட்டிருக்கும். இல்லாததால் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தியது; குரல் அறுந்து அறுந்துதான் போய்ச் சேர்ந்தது. பதினொன்று பத்துக்கு ஒரு பெண், கணவர் குளியலறையில் விழுந்துவிட்டார் என்று கூப்பிட்டார். நான்கு நிமிடம் பேசினார். ஆம்புலன்ஸ் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் அந்த மனிதர் இறந்துவிட்டார்.

அதன் பிறகு பன்னிரண்டரை மணிக்கு, அழைப்புகளில் குரல் விட்டுவிட்டு வருகிறது என்று எங்களுக்குப் புகார் வந்தது. எனக்கு உடனே புரிந்தது. என் மேசையிலிருந்தே அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன், பணிக் குறிப்பேட்டில் எழுதவில்லை. மறுநாள் மேலதிகாரி லைனைச் சோதிக்க என்னையே அனுப்பினார். சோதித்து, லைனில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். சோதித்த நேரத்தில் அது உண்மைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

அழைப்புகள் பதிவாவது லேபிள் ஒட்டப்படும் முன்பே, எங்கள் தலைமை நிலையத்தில். அதனால் பதிவில் அந்தப் பெண் தெரு, கதவு எண், மாடி எல்லாவற்றையும் மூன்று தடவை தெளிவாகச் சொல்வது கேட்கிறது. எடுத்த அம்மா, "கேக்கலைங்க, இன்னொரு தடவை சொல்லுங்க, லைன்லயே இருங்க" என்று சொல்வதும் கேட்கிறது. காலையில் என்னிடம் பேசிய அதே அம்மாதான். பதிவையும் என் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அவரை வேலையை விட்டு நிறுத்தி, கவனக்குறைவால் மரணம் என்று வழக்கும் போட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பதை ரூட்டர் தானே குறித்துவைக்கும். தொண்ணூறு நாளில் அது அழிந்துவிடும். நான் காலண்டரைப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேற்று எண்பத்தாறாவது நாள். மாலை நாலு மணிக்கு அந்த அம்மா எங்கள் அலுவலக வரவேற்பறைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கைப்பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். மூன்று இடங்களில் காதைச் சோதித்த அறிக்கைகள்.

"லைன்ல ஒரு குறையும் இல்லைன்னு நீங்கதானே தம்பி எழுதினீங்க. படிச்சவங்க, பொய்யா எழுதப்போறீங்க? அப்ப என் காதுலதான் இருக்கணும். ஆனா இவங்க மூணு பேரும் நல்லா இருக்குங்கறாங்க. உங்ககிட்ட சத்தம் பாக்குற மெஷின் இருக்குமே, அதுல வெச்சு ஒரு தடவை பாத்துடுங்களேன்."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் வேண்டாமென்று தாள்களை மடித்து வைத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அது அழிய இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டாள். நாலு என்றேன். "அப்ப காலையிலயே போங்க" என்றாள்.

ரூட்டரின் பதிவை அச்செடுத்து இத்துடன் கொடுத்திருக்கிறேன். வரியைத் தவறுதலாக விட்டுவிட்டுப் பிறகு சரிசெய்ததாகக் காவல் அதிகாரி முதலில் எழுதினார். விட்டது வேண்டாத வரி என்று நினைத்து, திரும்ப வைத்தது தெரிந்தே, மறைப்பதற்காக என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். அதன் பிறகு முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு சொல்லும் என் காதில் தெளிவாக விழுந்தது, அத்தனையும் நான் சொன்னதுதான், அத்தனையும் உண்மை. அந்த அம்மாவின் காதில் எந்தக் குறையும் இல்லை என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)