தூணோடு இறங்கிய நிலம்

மேடைக்குத் தலைமை ஏற்று, முப்பதாண்டுக் காலம் புல்டோசர் ஓட்டிக் காய்த்துப்போன கைகளை மேசைமேல் மடித்து வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! மலையைச் சரித்து மண்ணாக்கி, மண்ணைக் குவித்து மேடாக்கி, மேட்டை நிரவிச் சாலையாக்கும் ஆபரேட்டர் தோழர்களே! அந்தத் தோழர்களின் எண்ணெய்க் கறைச் சட்டைகளைத் துவைத்தே தோள்பட்டை நொந்த தாய்மார்களே! இந்தச் சைட் என்ஜினியரின் பணிவான வணக்கம்.

வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். எனக்கோ வாழ்த்து வாயில் வரவில்லை. பதினோரு மாதமாக நெஞ்சை விட்டு இறங்காத ஓர் அதிர்ச்சியைத்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

ஒரு மலைச்சரிவில் சாலை வெட்டினோம். சரிவின் உச்சியில் எங்கள் அலுவலகம். பக்கத்தில் ஒரு கான்கிரீட் தூண். தூணின் தலையில் எங்கள் சொந்த ஜிபிஎஸ் திருத்த நிலையம். தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: வானத்துச் செயற்கைக்கோள் காட்டும் இடம் பல அடி பிசகும். அசையாத தூணில் நிற்கும் அந்தக் கருவி, "பிசகு இவ்வளவு" என்று நொடிக்கு நொடி ரேடியோவில் சொல்ல, புல்டோசர் அதைக் கேட்டு விரல் அகலம் தவறாமல் மண்ணை வெட்டும். தூண் அசையாது என்பதுதான் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை. அசையாது என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன்!

எங்கள் சர்வேயரை 'மில்லி அக்கா' என்போம். ஒரு மில்லிமீட்டருக்காக ஒரு மணி நேரம் சண்டை போடுவார். சிரிக்கிறீர்கள், நாங்களும் சிரித்தோம். தினமும் காலையில், சரிவின் அடியில் ஓடும் ஓடைக்கு அக்கரைப் பாறையில் வெட்டிய குறியில், தூணின் ரேடியோவைக் கேட்கும் இன்னொரு கருவியை வைத்துச் சரிபார்ப்பார். ஒரு திங்கட்கிழமை, அந்தப் பாறை நாலு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டதாகக் கருவி காட்டியது.

பாறை வளருமா? தூண் தாழ்ந்தால், பாறை உயர்ந்ததாகத்தான் கருவி சொல்லும். யாரோ தூணை ஆட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். தூணில் எங்கள் வாட்ச்மேன் துணி காயப்போடும் கொடி கட்டியிருந்தார். போதாதா எனக்கு? சரிவின் அடியில், தகரக் கொட்டகைகளில் குடியிருந்த பதினாலு குடும்பங்களின் முன்னால், அவர் மனைவியின் முன்னால், வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"கொடிய அவுத்துடறேன் சார். ஆனா தூண நான் அசைக்கல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் நம்பவில்லை.

தூணுக்குப் புதிய உயரத்தைப் பதிந்து வேலையை ஓட்டினோம். வியாழக்கிழமை, மேலும் ஆறு சென்டிமீட்டர்! இப்போது கொடியும் இல்லை, துணியும் இல்லை. தூணின் உயரத்தை மறுபடி மாற்றச் சொன்னேன். அக்கா மறுத்துவிட்டார்.

"நம்பர மாத்தறது ஒரு நிமிஷ வேலை சார். ஏன் மாறுதுன்னு தெரியாம வண்டி எடுக்க விடமாட்டேன்."

செயற்கைக்கோள் இல்லாமலே உயர வித்தியாசம் காட்டும், முக்காலியில் நிற்கும் பழைய லெவல் கருவியை எடுத்தார். அளவுகோலைப் பிடிக்க வந்தவர் யார்? நான் ஏசிய அதே வாட்ச்மேன். பாறையிலிருந்து தொடங்கி அடி அடியாக அளந்து ஏறினார்கள். தூண் இறங்கியிருந்தது. அலுவலகப் படி இறங்கியிருந்தது. விளக்குக் கம்பம் இறங்கியிருந்தது. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு!

அக்கா குறிப்பேட்டை மூடினார். "சார், தூண யாரும் ஆட்டல. நாம நிக்கிற இடமே கீழ போயிட்டிருக்கு."

நான் என் செருப்பைப் பார்த்தேன். அதன் அடியில் இருந்த மண்ணைப் பார்த்தேன். அடிவாரத்தில் அடுப்புப் புகை எழும் கொட்டகைகளைப் பார்த்தேன். மூன்று நாள்! மூன்று நாளாக மலை எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ஒரு மனிதனைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்!

வண்டிகளை அக்கரைக்கு ஓட்டச் சொன்னேன். கொட்டகைகளைப் பற்றி நான் வாய் திறப்பதற்குள் வாட்ச்மேன் கீழே ஓடிவிட்டார். எந்த வீட்டில் காய்ச்சல்காரர், எந்த வீட்டில் பிள்ளை பெற்ற பெண் என்று அவருக்குத்தான் தெரியும். கதவு கதவாகத் தட்டி, முடியாதவர்களைத் தோளில் தூக்கி, ஓடையைக் கடக்க வைத்தார். ஐம்பத்து மூன்று பேர்.

மாலை நாலரை மணி. மணல் மூட்டைகளைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். சரிவு புறப்பட்டது. அலுவலகம் போனது, தூண் நின்ற வாக்கிலேயே போனது. ஆபரேட்டர் ஒருவர் என்னைக் கேபினுக்குள் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சரிந்துகொண்டே அந்தக் கருவி பேசிக்கொண்டிருந்தது. தான் அசையவில்லை என்று அது நம்பியதால், நின்றுகொண்டிருந்த எங்கள் புல்டோசர் வானத்துக்கு ஏறுவதாகத் திரை காட்டியது. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், மூன்று மீட்டர்... பிறகு சிக்னல் இல்லை. கொட்டகைகளும் இல்லை.

யாருக்கு என்ன ஆயிற்று என்று அங்கே ஓர் அம்மா கேட்கிறார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அம்மா. ஐம்பத்து மூன்று பேரும் பிழைத்தார்கள்.

மறுநாள் வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார். அவர் மனைவி விடவில்லை. "எல்லார் முன்னாடியும் வச்சுத்தானே திட்டினீங்க சார்? இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அம்மா, மூன்றாவது வரிசையில் நீங்கள் இருப்பது தெரிகிறது. சொல்கிறேன். ஆயிரம் பேர் கேட்கச் சொல்கிறேன். உங்கள் கணவர் தூணை அசைக்கவில்லை. தவறு என்னுடையது. அளவு பிசகினால் ஆளைத் தேடும் என் போன்றவர்களே, முதலில் அளந்து பாருங்கள்! வண்டி நிற்கட்டும், வேலை நிற்கட்டும், நம் வீம்பும் சேர்ந்து நிற்கட்டும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும் நன்றி. அந்த அம்மாவுக்கும் அவர் கணவருக்கும் தனியாக ஒரு வணக்கம்.